இலச்சினைக்கு மட்டும் வெட்கம்

நான் தொலைக்காட்சியில் இரண்டு தடவை வந்திருக்கிறேன். முதல் தடவை என் வயிறு மட்டும் வந்தது. இரண்டாம் தடவை என் குரல் மட்டும் வந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டினாலும் ஒரு முழு ஆள் தேறாது என்பது என் மனைவியின் கணிப்பு.

வயிறு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் புதுவருடத்துக்குச் சில நாள் முந்தி எங்கள் பகுதி விளையாட்டுக் கழகம் திருகோணமலை டச்பே கடற்கரையில் விழா நடத்தும். கயிற்றில் தொங்கும் பணிஸைக் கை படாமல் தின்னும் போட்டி, சங்கீதக் கதிரை, கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல் என்று காலையிலிருந்து போகும். கடைசியில் தலையணைச் சமர். இரண்டு கவைகளில் குறுக்காக ஒரு மரத்தைப் போட்டு, அதன்மேல் இரண்டு பேர் எதிரெதிரே காலைத் தொங்கவிட்டு இருப்பார்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால். மற்றக் கையில் தலையணை. அடித்து விழுத்த வேண்டியதுதான். விழுகிறவருக்கு நோகாமல் இருக்க மணலில் வைக்கோல் பரப்பியிருப்போம். கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான்கள் அதைத் தின்றுவிடாமல் கலைக்க ஓர் ஆள் தனியாக நிற்கும்.

நான் துறைமுகப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவன். விழா நாளில் மட்டும் அறிவிப்பாளன். ஒலிவாங்கியைக் கையில் தந்தால் எனக்குச் சாப்பாடு தேவையில்லை. அதைத் திருப்பி வாங்குவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். புதுவருடச் சிறப்பு நிகழ்ச்சிக்கு எங்கள் விழாவை எடுக்கப் போகிறார்களாம். கழகச் செயலாளருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் கலியாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். சித்திரை வெயிலில், கடற்கரையில், கோட்டு. பொத்தான் பூட்டுப்படவில்லை. திறந்து விட்டபடியே நின்றேன்.

வந்தவுடன் தயாரிப்பாளர் என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, அவர்களோடு வந்த அறிவிப்பாளினியிடம் கொடுத்தார்.

“அங்கிள், நீங்க அந்தப் பக்கமா நின்னு சனத்தக் கைதட்ட வைங்க. அதுதான் ரொம்ப முக்கியமான வேலை.”

நான் அதையும் நம்பினேன்.

பிறகு அவர் வைக்கோலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். “இத அப்பிடியே தண்ணிக்கு மேல போடுங்க. விழுந்தா ஷொட் சூப்பரா வரும்” என்றார். இத்தனை வருடமாக மணலில் நின்ற மரம் முழங்கால் அளவு தண்ணீருக்குப் போனது. மான்களுக்கு அன்றைக்கு நல்ல விருந்து.

பெண்களுக்கான சமரில் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மருமகள், அக்காவின் மகள். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற முன்பள்ளியின் ரீச்சர். மற்றவர் சந்தையில் மீன் விற்கிற அக்கா. அவருடைய கடைசி மகன் அந்த முன்பள்ளியில்தான் படிக்கிறான். இருவரும் வருடா வருடம் மோதுகிறவர்கள்தான். அது எங்கள் பகுதிக்கு இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் மாதிரி.

மருமகள் வழக்கம்போலத் தன்னுடைய கறுப்புச் சட்டையோடு வந்தாள். தயாரிப்பாளரின் உதவியாளர் ஒரு வெள்ளை ரீசேட்டை நீட்டினார். நெஞ்சில் அந்தத் தொலைக்காட்சியின் இலச்சினை, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு.

“எனக்கு என்ர சட்டையே போதும்” என்றாள்.

“இல்ல மிஸ், எல்லாரும் இதத்தான் போடணும். இல்லாட்டி எடுக்க ஏலாது.”

“வெள்ளை நனைஞ்சா நல்லா இராது. கறுப்பில இல்லையோ?”

“கறுப்புல எங்கட லோகோ எடுபடாது மிஸ்.”

செயலாளர் வந்து கெஞ்சினார். “பிள்ளை, விழா குழம்பப்போகுது, ஒருக்காப் போடு.” போட்டாள்.

மீன்கார அக்கா போட்ட போடில் அவள் தண்ணீருக்குள் போனாள். அடித்த வேகத்தில் அக்காவும் சமநிலை தவறிப் பின்னாலேயே விழுந்தார். அவர் விழுந்தபோது கரையில் நின்றவர்களும் நனைந்தார்கள். கமராக்காரர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இறங்கி, மருமகள் எந்தப் பக்கம் எழும்புவாள் என்று பார்த்து, அங்கேயே குந்தியிருந்தார். அவள் சிரித்துக்கொண்டு எழும்பினாள். அறிவிப்பாளினி, “வாவ்! அப்பிடியே ஒரு ஸ்டெப் போடுங்க!” என்றாள். பாட்டைப் போட்டார்கள். தோற்றுப்போய், நனைந்து, சந்தோஷமாக இருக்கிற எந்த மனிதரும் செய்வதுபோல அவள் இரண்டு அடி ஆடிவிட்டு, தலைமுடியைப் பிழிந்துகொண்டு கரையேறினாள். சனம் கைதட்டியது. தட்ட வைத்தது நான்.

வருடப்பிறப்பன்று நிகழ்ச்சி போனது. என் அக்கா வீட்டில் பலகாரத் தட்டோடு எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். மேளச் சத்தத்தோடு மருமகள் விழுந்தாள், எழும்பினாள், ஆடினாள். பின்னணியில், திறந்த கோட்டுக்கு நடுவே, தலையும் காலும் இல்லாமல், என் வயிறு. “மாமா, உங்களை ஆர் எண்டாலும் மட்டுக்கட்டுவினம்” என்று சிரித்தாள். முன்பள்ளி திறந்தபோது பிள்ளைகள் “ரீச்சர் மாதிரி” என்று புத்தகப் பைகளால் ஒருவரையொருவர் அடித்து விழுத்திக்கொண்டிருந்தார்களாம். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

சில நாள் கழித்து, இரவுச் செய்தியை அடுத்து, அதே தொலைக்காட்சியில் ஒரு கலந்துரையாடல். ‘எங்கே போகிறது எம் பண்பாடு?’ என்று திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஓடியது. வட்ட மேசையில் நெறியாளரோடு சேர்த்து மூன்று ஆண்கள். பெண்களைப் பற்றிய கலந்துரையாடல் என்பதால் மேசை நடுவில் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள்.

நெறியாளர் பெருமூச்சு விட்டார். “நேயர்களே, இந்தக் காட்சியைக் காட்டுவதற்கே எமக்குக் கூச்சமாக இருக்கிறது” என்றார். பிறகு காட்டினார். ஒரு தடவை அல்ல. அவர் கூச்சத்தில் பேசப் பேச, பக்கத்துப் பெட்டியில் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

என் மருமகள். மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, செத்த வீட்டு வயலினைப் போட்டிருந்தார்கள். மெதுவாக்கியிருந்தார்கள். பண்பாடு சீரழிவதை வேகமாகப் பார்த்தால் விளங்காது போலிருக்கிறது. முகத்தை மறைக்கவில்லை. முகம் பளிச்சென்று தெரிந்தது. மறைத்தது தங்களுடைய இலச்சினையை. நெஞ்சில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு இருந்த அந்த இலச்சினைமேல் ஒரு புகையைப் போட்டு மங்கலாக்கியிருந்தார்கள்.

நான் ஓட்டோக்காரன், எனக்கே விளங்கியது. ஒரு பெண்ணின் நெஞ்சில் புகையைப் போட்டால், பார்க்கிறவன் அங்கே ஒரு சின்னம் இருக்கிறது என்றா நினைப்பான்? மறைக்க வேண்டிய ஏதோ தெரிகிறது என்றுதான் நினைப்பான். கழுத்துவரை மூடிய சட்டை போட்டவளை, மறைப்பதாகச் சொல்லி, அவிழ்த்துவிட்டார்கள். தங்கள் பெயர் கெடக்கூடாது என்பதற்காக அவள் பெயரை எடுத்துத் துடைத்துக்கொண்டார்கள்.

மூவரில் ஒருவர் தாய்மாரைக் குறை சொன்னார். இன்னொருவர், “இந்த உடையை இவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?” என்று மேசையில் தட்டிக் கேட்டார். பூச்சாடி ஆடியது. பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே இருந்து தலையை ஆட்டினார்.

இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் புதுவருடச் சிறப்பு நிகழ்ச்சியின் மறுஒளிபரப்புக்கு விளம்பரம். மேளச் சத்தம் திரும்பி வந்தது. என் மருமகள் விழுந்தாள், எழும்பினாள், இந்த முறை நெஞ்சில் இலச்சினை பளபளவென்று. ‘காணத் தவறாதீர்கள்!’ அதன் பிறகு ஒரு வெள்ளைக்கிறீம். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வெளுத்தால் கிடைக்கும். திரும்ப மேசை, திரும்ப வயலின், திரும்பப் பெருமூச்சு. கலந்துரையாடல் முடிந்ததும் சிறுமிகளின் நடனப் போட்டி. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு உதட்டுச்சாயம் பூசி, முதலிரவுப் பாட்டுக்கு ஆட விட்டு, நடுவர்கள், “என்ன எக்ஸ்பிரஷன்! என்ன எக்ஸ்பிரஷன்!” என்று எழும்பி நின்று கைதட்டினார்கள். நடுவர் மேசையிலும் அதே பூச்சாடி இருந்தது. அறையை மாற்றவில்லை, விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் பகிடி வரும். அது ஒரு வியாதி. அன்றைக்குப் பகிடி வரவில்லை. ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு என் நெற்றியிலேயே விழுந்தது.

மறுநாள் முன்பள்ளியில் சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. அடுத்த நாள் இன்னும் சில. ஒரு தாய் பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றார், இன்னொரு தாய் மாமியார் வீட்டில் விசேஷம் என்றார். மூன்றாவது தாய் நேரே சொல்லிவிட்டார்: “ரீச்சர், குறை நினையாதேங்கோ. இவர் விடுறாரில்லை.” பெற்றார் சங்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று செய்தி அனுப்பினார். அந்த முன்பள்ளியை நடத்துவது பெற்றார் சங்கம்தான். அவர்கள் போ என்றால் அவள் போக வேண்டியதுதான். பயிற்சி முடித்து, கொட்டிலாக இருந்த இடத்துக்குக் கூரை போட அலைந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டி வந்து சேர்த்தவள்.

நான் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முறைப்பாட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அன்றிரவு அந்தக் கலந்துரையாடலின் இரண்டாம் பாகம், நேயர்களின் கருத்துகளோடு. அந்த இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

“என்ன கருத்து சொல்லப் போறீங்க அங்கிள்?”

“இந்தக் காலத்துப் பொம்பிளைப் பிள்ளையள் கெட்டுப்போச்சினம் எண்டு சொல்லப்போறன், தங்கச்சி.”

“ஓகே அங்கிள், லைன்ல இருங்க. டீவி சத்தத்தக் குறைச்சு வைங்க.”

என் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக எனக்கு ஒலிவாங்கி கிடைத்ததில்லை.

“வணக்கம் நேயரே, எங்கிருந்து பேசுகிறீர்கள்?” நெறியாளரின் குரல்.

“திருகோணமலை, ஐயா.”

“ஆகா, சம்பவம் நடந்த இடத்திலிருந்தே ஒரு நேயர். சொல்லுங்கள்.”

“ஐயா, அந்தப் பிள்ளையின்ர சேட்டில நீங்கள் புகை போட்டு மறைச்ச இடத்தில என்ன கிடந்தது? உங்கட பேர்தானே கிடந்தது? வெள்ளைச் சேட்டு வேண்டாமெண்டவளுக்கு அதைக் குடுத்துப் போடவைச்சதே—”

டொக் என்றது.

“தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது” என்றார் நெறியாளர், கவலையோடு. “இரவு நேரங்களில் சிலர் ஒரு மாதிரியான நிலையில் இருந்துகொண்டு அழைப்பதுண்டு. நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.” மூவரும் பொறுத்துக்கொண்டு புன்னகைத்தார்கள்.

நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடாத நீரிழிவுக்காரன்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மனைவி, “குடிக்காமலே குடிகாரன் எண்டு நாடு முழுக்கப் பேர் எடுத்திட்டியள். காசு மிச்சம்.”

சிரிக்க முயன்றேன். முடியவில்லை. ஒருவனுடைய வாயைப் பொத்துவதற்குக் கையே தேவையில்லை, ஒரு பொத்தான் போதும் என்று அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் ஓட்டோத் தரிப்பிடத்தில் என்னைக் கண்டதும் ஒருவன், “அண்ணை, இண்டைக்கு நிதானமோ?” என்றான். அவன் பகிடிக்குத்தான் கேட்டான். அதே பகிடியை நான் எத்தனை பேருக்கு விட்டிருப்பேன். அன்றைக்கு அவனோடு சண்டைக்குப் போனேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் நான் அக்கா வீட்டில் இருந்தபோது மருமகளுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அதே தொலைக்காட்சி. ஆனால் வேறு ஆட்கள். பெண்களுக்கான காலை நிகழ்ச்சியாம். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

“அக்கா, உங்களுக்கு நடந்தது ரொம்ப அநியாயம் அக்கா. நாங்க எல்லாம் உங்க பக்கம்தான்.”

“ஆர் செய்த அநியாயம்?”

“சமூகம்தான் அக்கா.”

“உங்கட சனல்தானே தங்கச்சி போட்டது?”

“அது வேற டிபார்ட்மெண்ட் அக்கா. அவங்க நியூஸ். நாங்க லைப்ஸ்டைல்.” குரல் இன்னும் கனிந்தது. “நீங்க வந்து உங்க வலியச் சொல்லணும். அழுகை வந்தா அடக்க வேணாம். ஆ, அந்த ரீசேட்ட மறக்காமக் கொண்டு வாங்க. பழைய காட்சியோட சேர்த்துப் போட்டா இன்னும் டச்சிங்கா இருக்கும்.”

மருமகள் தொலைபேசியை அணைத்தாள். என் அக்கா தலையில் கையை வைத்தார்.

“போயிட்டு வாவன் பிள்ளை. நீ பிழை செய்யேல்லை எண்டு அவங்கட வாயாலயே வரப்போகுதெண்டா, நாளைக்குக் கூட்டத்தில ஒருத்தரும் வாய் திறக்காயினம். வேலை மிஞ்சும்.”

“அம்மா, அவையள் என்னை ஒருக்கா விழுத்தி வித்தினம். பிறகு திட்டி வித்தினம். இப்ப அழவைச்சு விக்கப் பாக்கினம். நான் போகேல்லை.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். “மாமா, பகிடி விடாதேங்கோ” என்றாள். பகிடி ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் கெட்ட வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முன்பள்ளியில் நடந்தது. அங்கே இருப்பது சின்னப் பிள்ளைகளின் கதிரைகள் மட்டும். பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் காதைத் தொட அவற்றில் குந்தியிருந்தார்கள். நான் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்து, வாசலில் நின்றேன். கதிரையில் இருந்தால் எழும்பும்போது அதுவும் என்னோடு வந்துவிடும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிற மனிதர். விழாவன்று, மருமகள் எழும்பியபோது, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தவர். நான் பக்கத்தில் நின்றேன், என் காது இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது.

“ரீச்சரில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை” என்றார். “பிள்ளையள் நல்லாப் படிக்கினம். ஆனா நாடு முழுக்க ரீவியில வந்துட்டுது. பெரிய ஆக்கள் இருந்து கதைச்சிருக்கினம். நாங்கள் பேசாம இருந்தா எங்களைத்தானே குறை சொல்லுவினம்? அதால ரீச்சர் ஒரு கடிதம் தந்தாப் போதும். நடந்ததுக்கு மன்னிப்பு, இனிமேல் இப்பிடிப் பொது விளையாட்டுகளுக்குப் போகமாட்டன் எண்டு.”

“என்ன பிழைக்கு மன்னிப்பு?” மருமகள் கேட்டாள்.

ஒரு கதிரை கிறீச்சிட்டது.

பின்வரிசையிலிருந்து மீன்கார அக்கா எழும்பினார். சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார்.

“தலைவர், ஒரு கதை. அவவை அடிச்சு விழுத்தினது ஆர்?”

“அது… நீங்கள்தானே.”

“நானும் விழுந்தனானோ இல்லையோ?”

“விழுந்தனீங்கள்.”

“நானும் அதே வெள்ளைச் சேட்டுத்தான். நானும் தலையிலயிருந்து கால்மட்டும் நனைஞ்சனான். எழும்பேக்க நானும் ரெண்டு ஆட்டம் ஆடினனான். அப்ப ஏன் என்னைக் காட்டேல்லை?” குரல் உயர்ந்தது. “ரெண்டு நாளா மூண்டு ஆம்பிளையள் மேசை போட்டு அழுகிறாங்கள். என்ர ஒழுக்கத்தைப் பற்றி ஒரு நாய்க்கும் கவலையில்லையோ? எனக்கு வயசு போயிட்டுது, உடம்பு பருத்திட்டுது எண்டாப் பண்பாடு கெடாதோ?”

சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காதேங்கோ! அவங்கள் பண்பாட்டைப் பாக்கேல்லை. பாக்கிறதை வேற எங்கயோ பாத்துக்கொண்டு, வாயால பண்பாடு எண்டு சொல்லுறாங்கள். அவங்களுக்கு அது தொழில், விளம்பரம் வரும். உங்களுக்கு என்ன வருகுது? அண்டைக்குக் கடற்கரையில நிண்டு விசில் அடிச்ச வாயால இண்டைக்குக் கடிதம் கேக்கிறியள். கடிதம் வேணுமெண்டா நான் தாறன். ‘நல்லா விழுத்தினதுக்கு மன்னிக்கவும்’ எண்டு எழுதித் தாறன்.”

தலைவர் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். இடுப்பு சிக்கிக்கொண்டது. கையை ஊன்றி நிமிர்ந்தும் தன் பிடிவாதத்தை விடவில்லை. “எல்லாம் சரி, ஆனாலும் ஒரு சின்னக் கடிதம்… ஒரு மரியாதைக்கு…”

“தரமாட்டன்” என்றாள் மருமகள். கத்தவில்லை. “நாளைக்குக் காலமை வழக்கம்போலக் கதவு திறப்பன். விருப்பமானவை பிள்ளையளை அனுப்புங்கோ. என்னை நிப்பாட்டுறதெண்டா, என்ன பிழை செய்தனான் எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ.”

எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கூட்டம் முடிந்ததா, கலைந்ததா என்று தெரியாமல் ஆட்கள் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் காலை ஓட்டோவை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு நானும் போனேன். கதவு திறந்திருந்தது. மீன்கார அக்காவின் மகன் முதலில் வந்தான். பிறகு ஒன்றிரண்டாக வந்தார்கள். தலைவரின் மனைவி மகளைக் கொண்டுவந்து, பின்வேலிப் பக்கமாக விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பாதிக்குமேல் வந்துவிட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்குத் தேறவில்லை. வராத பிள்ளைகளின் கதிரைகள் அவர்களுடைய இடத்திலேயே இருந்தன. மருமகள் அவற்றை ஓரமாக எடுத்து அடுக்கவில்லை.

கடலை அவித்துக் கொண்டுவந்து கோப்பைகளில் போட்டாள். வராதவர்களின் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள்.

“ஏன் உங்கட கூட்டாளிமார் இன்னும் வரேல்லை? ஆருக்கும் தெரியுமோ?”

மீன்கார அக்காவின் மகன் கையை உயர்த்தினான்.

“எனக்குத் தெரியும் ரீச்சர். நான் வரேக்க யன்னலால பாத்தனான். அவை எல்லாரும் வீட்டில இருந்து ரீவி பாக்கினம்.”